காற்று வீசாத கோளில் பூட்ஸ் தடங்கள்

1
இந்தக் கதை கிடைத்தது ஈர சிமெண்டில். நான் வேலை பார்த்த கிடங்கில், பூசி முடித்த தரையில் யாரோ நடந்துவிட்டார். பின்னால் வந்த நாங்கள் பதினொரு பேரும் அவர் தடத்திலேயே கால் வைத்துக் கடந்தோம். திட்டு அவருக்குத்தானே!

2
‘இரண்டு சூரியன்களும் செந்நிற அடிவானத்தில் மெல்ல...’

(வேண்டாம். காலாட்படை வானத்தைப் பார்ப்பதில்லை.)

மறுபடி: அந்தக் குடியேற்றக் கோளில் காற்று வீசாது. நாலு வருடத் தடமும் நேற்று விழுந்ததுபோல் இருக்கும். தங்களை அடக்க வந்த படைக்கு எதிராகக் குடியேறிகள் மண்ணெல்லாம் கண்ணிவெடி புதைத்தார்கள். படைக்கு ஒரே சட்டம்: ஏற்கெனவே விழுந்த தடத்தில் மட்டும் கால் வை.

3
ஆறு பேர் வரிசை. முன்னால் நெட்டையன், கடைசியில் அவன் மனைவியின் தம்பி, குள்ளன்.

(குள்ளனுக்கு ஒரு காதலியை வைத்துப் பார்த்தேன். அவளுக்கு இங்கே வேலையில்லை.)

வழக்கமாகக் குள்ளன் தடத்துக்குத் தடம் தவளைபோல் தாவுவான். அன்று தாவவில்லை.

“என்ன மாப்ள, இன்னைக்கு மனுஷன் மாதிரி நடந்து வர்ற? கால் கீல் வளந்துருச்சா?” தலைக்கவசத்துக்குள் நெட்டையனின் குரல்.

“நீங்கதான் மாமா கல்யாணப் பொண்ணு மாதிரி நடக்கறீங்க.”

வரிசையே சிரித்தது. குள்ளன் சிரிப்பு பாதியில் நின்றது.

4
தடங்கள் ஏன் இவ்வளவு நெருக்கம்? குனிந்தான். குதிகால் பக்கம் ஆழமில்லை, விரல் பக்கம்தான் ஆழம். இது பின்னோக்கி நடந்த குடியேறி ஒருவனின் தடம். ஓரடி பின்வாங்கி, விட்ட தடத்தில் கண்ணியைப் புதைத்து, மேலே கையால் பூட்ஸ் அச்சு ஒற்றி, மறுபடி ஓரடி. கண்ணிப் பெட்டி காலியானதும் சும்மா பின்னோக்கி நடந்து போயிருக்கிறான். இவர்கள் இதுவரை மிதித்தது அந்தச் சும்மா தடங்களை.

“மாமா, கால வைக்காதீங்க!”

நெட்டையனின் வலது கால் அந்தரத்தில் நின்றது.

“வைக்காம? தலையிலயா வச்சுக்கறது?”

பின்னால் வைக்கலாம். ஆனால் அங்கே அடுத்தவன் கால் இருக்கிறது. அவனுக்குப் பின்னால் அதற்கடுத்தவன். குள்ளன் முதலில் நகர்ந்தால்தான் ஒவ்வொருவராக நகர முடியும். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது. பயத்தில் பூட்ஸ் தடத்துக்குள் நுழையுமா?

“நான் நகர்ந்துட்டேன் மாமா. இன்னும் நாலு பேர்தான்.”

“சீக்கிரம்டா. முதுகுல நாப்பது கிலோ.”

5
அக்காவுக்குக் குள்ளன் எழுதிய கடிதம் இரண்டு விதமாக என்னிடம் இருக்கிறது. ஒன்றில் மாமாவின் கேலி இருக்கிறது. மற்றதில் மாமாவின் படை எண் மட்டும். தேர்ந்தெடுக்க எனக்கு இஷ்டமில்லை.

எழுந்து, முதுகில் பாரத்தோடு ஒற்றைக் காலில் நில்லுங்கள். நாலு பேர் ஒருவர்பின் ஒருவராக, தடம் தேடி, பின்வாங்கும்வரை. உங்கள் கால் எப்போது தரையைத் தொடுகிறதோ, அதுதான் முடிவு.