ஆறு பத்துக்கு ஏறும் தண்ணீர்

காலை நாலு மணிக்கு அவள் தன் வீட்டை வாரி வெளியே ஊற்றத் தொடங்கினாள். வீடு என்றால் ஒற்றை அறை. வாரியது, கணுக்கால் அளவுக்கு நின்ற சாக்கடைத் தண்ணீர். அலுமினியத் தட்டால் வாரி, வாளியில் விட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து, எதிரே இருந்த பள்ளத்தில் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். முதல் பத்து வாளிக்கு இடுப்பு வலித்தது. அதன் பிறகு இடுப்பு வேறு யாருடையதோ ஆகிவிட்டது. நாற்றமும் அப்படித்தான். முதல் நாள் மூக்கைப் பொத்த வைத்தது, இரண்டாம் நாள் பழகிவிட்டது, நாலாம் நாளான இன்று அதற்குப் பாய் போட்டுக் கொடுக்காததுதான் பாக்கி.

அறையின் நடுவே, ஒவ்வொரு காலுக்கும் மூன்று செங்கல் முட்டுக்கொடுத்து உயர்த்திய கட்டிலில் அவளுடைய புருஷன் கிடந்தான். இரண்டு மாதத்துக்கு முன் சலவை ஆலையில் நீராவிக் குழாய் வெடித்து, தொடையிலிருந்து பாதம்வரை வெந்துபோன கால். புண்ணில் அழுக்குத் தண்ணீர் பட்டால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவனால் படியேற முடியாது. அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் படியேறாமல் நுழையக்கூடிய வீடு இது ஒன்றுதான். கீழ்த்தளத்தில் மற்றதெல்லாம் ஆலையின் கிடங்கு. ஆலையும் கட்டடமும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். குடியிருந்தவர்கள் அத்தனை பேரும் அவரிடம் வேலை செய்கிறவர்கள்.

பத்து நாளுக்குக் குழாயில் தண்ணீர் வராது, தெருச் சாக்கடையையும் அடைத்துப் பழுதுபார்க்கிறோம், கழிவுத் தண்ணீரை ஊற்றாதீர்கள் என்று முந்தின வாரமே நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அன்று மாலை மாடிக்காரர்கள் தண்ணீர் பிடித்ததைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். குடம், அண்டா, குக்கர் எல்லாம் தீர்ந்ததும் பாய்லர்காரர் தன் தலைக்கவசத்தில் பிடித்தார். இஸ்திரிக்காரர் பாத்திரம் கிடைக்காமல் ஆறு செம்பு தண்ணீரைக் குடித்தார். உள்ளே வைத்தால் யாரும் திருட முடியாது என்று விளக்கமும் சொன்னார். மூன்றாம் மாடித் தையல்காரி வீட்டில் தண்ணீருக்கு இடம் விட்டதுபோக மனிதருக்கு இடமில்லை. நாலு பேரும் நின்றபடியே தூங்கினார்கள். அந்தப் பாரத்தில் கட்டடம் அரை அங்குலம் பூமிக்குள் இறங்கியது. நம்பாதவர்கள் கதவுகளைத் திறந்து பார்க்கலாம், எல்லாம் அன்றிலிருந்து தரையில் உரசுகின்றன.

ஆகவே கீழ்வீட்டுக் குளியலறைத் துளை வழியாகச் சாக்கடை மேலே வந்தபோது, அவள் யாரைச் சந்தேகப்பட்டாள் என்று சொல்லத் தேவையில்லை. அவ்வளவு தண்ணீர் பிடித்து வைத்தவள் ஊற்றாமலா இருப்பாள்? அவள் மாடிப்படியடியில் நின்று தையல்காரியை ஏசினாள். தையல்காரி பாய்லர்காரர் வீட்டைக் கை காட்டினாள். பாய்லர்காரர் இஸ்திரிக்காரரைக் காட்டினார். மூன்றாம் நாள் முதலாளி மூக்கில் கைக்குட்டையோடு வந்து வாசலிலேயே நின்றார்.

"இந்த ரூம் மனுஷன் இருக்க லாயக்கில்ல. ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணிடுங்க. உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்."

கிடங்குக்கு ஓர் அறை போதாமல் இருந்ததும் முதலாளிக்கு இரக்கம் பிறந்ததும் ஒரே வாரத்தில் நடந்தது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். அவள் தலையை ஆட்டினாள். எங்கே போவது என்று கேட்கவேண்டும் என்பதுகூட அவர் போன பிறகுதான் தோன்றியது. தோன்றியபோது அதுவும் வேறு யாருடைய கவலையோ போல இருந்தது.

நாலாம் நாளான இன்று, ஐந்து மணிக்குத் தையல்காரி ஒரு முறத்தோடு இறங்கி வந்தாள். குனிந்து வாரினாள். ஏழெட்டு வாளிக்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"பெத்த புள்ளைங்க மேல சத்தியமா நாங்க ஒரு சொட்டு ஊத்தலக்கா. முகம் கழுவின தண்ணியக்கூட வாளியில சேத்து, மூணு மாடி இறங்கி, தெருவுலதான் கொட்டறோம்."

அவள் தட்டால் வாரிக்கொண்டே இருந்தாள்.

"ஆமா, இது ஏன் நீலமா இருக்கு?"

"எது?"

"தண்ணி."

"தண்ணி நீலமாத்தான இருக்கும்" என்றாள் அவள்.

தையல்காரி முறத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

பன்னிரண்டு வருஷமாக அவள் ஆலையின் முதல் மெஷினில் நிற்கிறாள். ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கு நீலம் போட்டு அலசுகிற மெஷின். அவள் கண்ணுக்குத் தண்ணீரின் நிறமே நீலம்தான். கட்டடத்தில் பாதிப்பேர் அலசுகிற பகுதிக்காரர்கள். மூன்று நாளாக வந்து எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போன எவருக்கும் அது உறைக்கவில்லை. ஈரமே படாத கொட்டகையில் உட்கார்ந்து கிழிந்த விரிப்புத் தைக்கிறவளுக்குத்தான் உறைத்தது.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "தினம் ஆறு பத்துக்கு ஏற ஆரம்பிக்குது. ராத்திரி பத்து மணிக்கு நிக்குது."

"இத நேத்தே சொல்றதுக்கென்ன?" என்றாள் அவள்.

"கேட்டாத்தான சொல்லுவேன்? படுத்துக்கிட்டு எனக்கு வேற என்ன வேலை? கடிகாரத்தத்தான் பாக்கறேன்."

ஐந்தேமுக்காலுக்கு மெஷின்கள் சுற்றத் தொடங்கும். ஆறு பத்துக்கு முதல் மெஷினின் முதல் அலசல் முடியும். அப்போது வால்வைத் திறந்து தண்ணீரை வெளியே விடுகிறவள் அவள்தான். அழுகை வரவேண்டிய இடம் இது. வரவில்லை.

"அப்ப நான்தான் ஊத்தியிருக்கேன்" என்றாள், உப்பு தீர்ந்துபோச்சு என்று சொல்வதுபோல.

"நீ மட்டுமாக்கா? பதினாலு மெஷினும்தான்."

தையல்காரி போட்ட சத்தத்தில், பத்து நிமிஷத்துக்குள் மாடிப்படி ஆட்களால் நிறைந்துவிட்டது. ஆலைக்குச் சொந்த ஆழ்துளைக் கிணறு இருந்ததால் வேலை நிற்கவில்லை. ஆனால் தெருச் சாக்கடை திறக்கும்வரை கழிவை லாரி வைத்து எடுக்க வேண்டும் என்று ஆலைக்குத் தனியாக உத்தரவு வந்திருந்ததைப் பாய்லர்காரர் அலுவலக மேசையில் பார்த்திருக்கிறார். லாரி ஒரு நாளும் வரவில்லை. ஆலைக் கழிவு அடைத்த சாக்கடையில் முட்டி, அதே குழாயில் சேர்ந்திருந்த கீழ்வீட்டுத் துளை வழியாக ஏறியிருக்கிறது. இதை முன்னாலேயே யோசிக்காததற்கு அவர் தன் தலையில் தானே ஒன்று வைத்துக்கொண்டார். வீடும் முதலாளி கையில், வேலையும் அவன் கையில், எதை வைத்துக்கொண்டு எதிர்ப்பது என்று இஸ்திரிக்காரர் தயங்கினார். இன்று இந்தக் கட்டிலைத் தூக்கி வெளியே வைக்கிறவன் நாளைக்கு நம் கட்டிலுக்கு வரமாட்டானா என்று தையல்காரி கேட்டாள். ஆறு செம்பு குடித்தவருக்கு அதற்குமேல் தயக்கம் தங்கவில்லை.

ஆலையில் ஆறு பத்துக்கு முதல் மெஷின் நின்றது. அவள் வால்வைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேஸ்திரி கத்தினார். அடுத்தடுத்து மெஷின்கள் நிறைந்த வயிற்றோடு நின்றன. முதலாளி வந்தார்.

"வால்வைத் திற."

"திறந்தா எங்க வீட்டுக் கட்டிலுக்குக் கீழ வரும், முதலாளி."

"அதுக்குத்தான காலி பண்ணச் சொன்னேன்?"

"லாரி வரட்டும், திறக்கறேன். ரூம காலி பண்ண மாட்டேன்."

பன்னிரண்டு வருஷத்தில் ஆலைக்குள் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். முதலாளி இரண்டாம் மெஷின்காரரிடம் திரும்பி, நீ திற என்றார். அவர் தனக்குக் கை வலி என்றார். மூன்றாமவருக்கும் கை வலி. கண்மூடித் திறப்பதற்குள் பதினாலு பேருக்கும் அது தொற்றிவிட்டது. இவ்வளவு வேகமாகப் பரவுகிற நோயை எந்த டாக்டரும் பார்த்திருக்கமாட்டார்.

"எல்லாரையும் அனுப்பிட்டு வேற ஆள வைப்பேன்."

"வைங்க" என்றார் பாய்லர்காரர். "அவங்கள்ளயும் யாராச்சும் கீழ்வீட்டுல குடியிருப்பாங்க."

முதலாளி தானே திறப்பதென்று முதல் மெஷினிடம் போனார். அங்கே மூன்று கைப்பிடிகள் இருந்தன. ஒன்று தண்ணீர் வர, ஒன்று ஆவி வர, ஒன்று வடிய. இருபது வருஷமாக அவருக்குச் சொந்தமான கைப்பிடிகள். அவருடைய கை மூன்றுக்கும் மேலாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"எதுய்யா இதுல?"

மேஸ்திரி கூரையைப் பார்த்தார். "எனக்குக் கொஞ்ச நாளா கண்ணு மங்கல், முதலாளி."

முதலாளி அலுவலகத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தார். லாரிக்கா, போலீசுக்கா என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் மெஷின்களுக்கு நடுவே ஈரத்தரையில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மதியம் இரண்டு மணி ஷிப்டுக்காரர்கள், எப்படித்தான் தெரிந்ததோ, ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். என்ன, ஏது என்று கேட்டார்கள். சொன்னதும் அவர்களும் உட்கார்ந்தார்கள். இடம் போதவில்லை. எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

அவளுக்கு இன்னும் இடுப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பயமும் தெரியவில்லை. ஆனால் இடது தோளில் ஒரு பாரம் இறங்குவது தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள். தையல்காரி அவள்மேல் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டிருந்தாள்.

அலுவலகக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தையல்காரி விழித்துவிடக் கூடாதே என்று அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.