ஏழாம் பொருள்: கைவிடப்பட்டது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் வரும் வில்லங்கமான வார்த்தையை எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

செவ்வாய்க்கிழமை மதியம் அக்கா போன் செய்தாள். அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மாதாமாதம் நடக்கும் பராமரிப்புக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று குறிப்பெடுத்து, டைப் செய்து, வந்திருந்தவர்களிடம் சுருக்கொப்பம் வாங்கி, நிர்வாக அதிகாரியின் கையெழுத்துக்கு வைப்பது அவள் பொறுப்பு.

"டேய், சண்டை போடற மாதிரியே வாதம் பண்றதுக்கு மரியாதையா ஒரு வார்த்தை சொல்லு. 'கத்தினார்'னு ஆபீஸ் பேப்பர்ல எழுத முடியாது."

"யாருக்கா கத்தினா?"

"லிஃப்ட் மெக்கானிக். ரெண்டாம் லிஃப்டை நிறுத்தணும்னு ஒத்தக்கால்ல நின்னார். மேஜையைத் தட்டி, சாரைப் பேசவிடாம மறிச்சு... அதை ஏன் கேக்கற!"

எனக்கு ஒரே குஷி. நாலு கதை அச்சில் வந்துவிட்ட மிதப்பு வேறு. துணிக்கடைக்காரர் மாதிரி ஒவ்வொன்றாக விரித்துப் போட்டேன். குதர்க்கம். ஏட்டிக்குப் போட்டி. விதண்டாவாதம்.

"கடைசியா சொன்னியே, அது. நல்லா கனமா இருக்கு," என்றாள்.

அவள் டைப் செய்தது இது: 'பொருள் எண் 7. இரண்டாம் லிஃப்ட். மெக்கானிக் விதண்டாவாதம் செய்ததால் பொருள் கைவிடப்பட்டது.'

மறுநாள் காலை அந்த ஒற்றை வரியைக் காட்டி, இந்த மெக்கானிக்கை இனி அனுப்பவேண்டாம் என்று அவருடைய கம்பெனிக்கு ஒரு கடிதம் தயாரானது. அதை டைப் செய்ததும் அக்காதான். வியாழன் மாலை நாலு மணிக்கு நிர்வாக அதிகாரி கூட்டக் குறிப்பு, கடிதம் இரண்டிலும் கையெழுத்துப் போடுவார். போட்டுவிட்டால் அந்த மனிதருக்கு வேலை போச்சு, லிஃப்ட் பேச்சும் போச்சு.

இதை நான் எழுதிக்கொண்டிருப்பது வியாழன் மதியம். மணி ஒன்று இருபது.

2

கதையை எங்கே தொடங்குவது?

"மேஜையில் விழுந்த அடியில் எட்டுத் தண்ணீர் டம்ளர்களும் துள்ளின." சினிமா. அடித்துவிட்டேன்.

"அந்த மனிதரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்கள் இரண்டும்" வேண்டாம். வில்லனாகிக்கொண்டிருக்கிறார்.

"மெக்கானிக் எழுந்து நின்றார். அறை அதிரச் சொன்னார்: [இங்கே அவர் பேச்சு வரும். பிறகு எழுதவேண்டும்.] நிர்வாக அதிகாரி மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்."

இது தேவலை. கண்ணாடியைக் கழற்றுவது நன்றாக விழுந்திருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

புதன்கிழமை மதியம் மெக்கானிக் அக்காவின் மேஜை முன்னால் வந்து நின்றார்.

[பாத்திரம் பற்றி ஒரு சந்தேகம். இவரை நல்ல மனிதராகக் காட்டவேண்டாமா? அக்கா சொல்வதைப் பார்த்தால் சரியான சிடுமூஞ்சி. வாட்ச்மேனோடு சண்டை, கேன்டீனோடு சண்டை. வாசகருக்குப் பிடிக்கவேண்டுமே என்று ஒரு சிரிப்பை ஒட்டவைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. சிடுமூஞ்சியாகவே இருக்கட்டும்.]

கையில் கிரீஸ் அப்பியிருந்தது. சுருக்கொப்பத்துக்காகக் கோப்பு அவரிடமும் போயிருந்தது. அவர் மட்டும் போடவில்லை.

"கத்தினேன். இல்லைன்னு சொல்லலை மேடம். அதுக்கு முன்னாடி மூணு கூட்டத்துல மெதுவாத்தான் சொன்னேன், ஒருத்தர் காதுலயும் ஏறலை. கத்தினதை எழுதியிருக்கீங்க, சரி. சொன்னதை எங்கே?"

அக்கா நோட்டைப் புரட்டினாள். ஆறாம் பொருள் ஒரு முழுப் பக்கத்துக்கு இருந்தது, தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பற்றி. ஏழாம் பொருளுக்குக் கீழே ஒரு கோடு. உடனே எட்டாம் பொருள்.

சண்டை ஆரம்பித்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவது அந்த அலுவலகத்தில் குறிப்பெடுப்பவர்களின் பழக்கம். கோபத்தில் தெறிக்கும் வார்த்தை காகிதத்தில் ஏறி யார் வேலைக்கும் உலை வைத்துவிடக்கூடாதே என்ற நல்ல எண்ணத்தில் வந்தது. அக்காவும் வைத்திருந்தாள். பேனா கீழே போனபோது காதும் கூடவே போயிருக்கிறது. மெக்கானிக் என்ன சொன்னார் என்று அவளுக்கு ஒரு வரிகூட நினைவில் இல்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே, கத்தாமல் சொன்னார்: [இதையும் பிறகு.] அக்கா எழுதிக்கொண்டாள். அன்று காலை அவள் மேலே வந்தது இரண்டாம் லிஃப்டில்தான்.

அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நான் அகராதியைப் பார்த்தேன். வார்த்தையைக் கொடுத்த பிறகு பார்த்தேன், அதுதான் என் லட்சணம். விதண்டாவாதம் என்றால் வெறும் சண்டைக்காரப் பேச்சு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வாதம் செய்கிறவனுக்கு நிலைநாட்ட ஏதாவது இருக்கும். விதண்டாவாதிக்கு அது கிடையாது, எதிராளி சொல்வதை உடைத்ததோடு அவன் வேலை முடிந்தது. ஆக, அந்தச் சொல் ஒருவர் எப்படிப் பேசினார் என்பதோடு நிற்பதில்லை. அவரிடம் சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. கோபமாகப் பேசுகிறவர்களை எல்லாம் இந்த ஒரே மூட்டையில் கட்டிவிட்டால் நமக்குச் சுலபம், பிரித்துப் பார்க்கவேண்டியதில்லை. [கட்டுரை வாடை அடிக்கிறது. நிறுத்து.]

4

முடிவு எழுதிப் பார்க்கிறேன். மணி இரண்டு.

முடிவு அ. அக்கா அந்தப் பக்கத்தைத் திருத்தி டைப் செய்கிறாள், எல்லோரும் மகிழ்ச்சியோடு ஒப்பமிடுகிறார்கள். சுத்தப் பொய். இன்று காலை அவள் திருத்திய பக்கத்தை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாக அலைந்தாள். ஸ்டோர்காரர், "தட்டினது ஞாபகம் இருக்கும்மா. என்ன சொன்னார்னு சத்தியமாத் தெரியலை," என்றார். தலைமை நர்ஸ், "நான் அப்ப போன்ல இருந்தேனே," என்றாள். எலெக்ட்ரீஷியன், "சார் போட்டா நானும் போடறேன்," என்று நழுவினார்.

முடிவு ஆ. லிஃப்டில் விபத்து. ரத்தம், ஓட்டம், அழுகை. இரண்டு பத்தி எழுதியும் விட்டேன், நன்றாகவும் வந்துவிட்டது. கதை தூக்கலாக இருக்கட்டும் என்று முகம் தெரியாத ஒரு நோயாளியைக் கொல்ல எனக்குக் கை கூசவில்லை. சீ என்று ஆகிவிட்டது. அடித்துவிட்டேன்.

முடிவு இ. மெக்கானிக் மறுபடியும்

5

இதுவரை எழுதியதை அக்காவுக்கு அனுப்பினேன். மூன்றேகாலுக்குப் போன் வந்தது.

"படிச்சேன்."

"எப்படி இருக்கு?"

"சார் கண்ணாடியைக் கழட்டினது இருக்கு. டம்ளர் துள்ளினதும் இருக்கு. அந்தாளு சிடுமூஞ்சிங்கறதும் இருக்கு. அவர் சொன்னது எங்கடா?"

"அது மெஷின் சமாச்சாரம்க்கா. படிக்கறவங்களுக்குப் போரடிக்கும். கதைக்கு அது அவ்வளவா..."

"நீயும் பேனாவைக் கீழ வச்சுட்டியா?"

உண்மையாகவே வெட்கமாக இருந்தது. "சரி, இப்ப சொல்லு, எழுதிக்கறேன்," என்றேன்.

"இப்ப நேரமில்லை. நாலு மணிக்கு சார் ரூம்ல சொல்லப்போறேன். போனைக் கட் பண்ணாம கோப்புக்கு அடியில வச்சுக்கறேன். இந்தத் தடவையாவது காது குடுத்துக் கேளு."

6

மணி நாலு. போன் என் காதில். பேனா கையில்.

"என்னம்மா இது, ஏழாம் பொருள் ஒரு பக்கத்துக்கு வளர்ந்திருக்கு?" அதிகாரியின் குரல். "கோப்பு சுத்தி முடிஞ்சாச்சு. அந்தக் கடிதத்தை எடு."

"கடிதம் இருக்கட்டும் சார். முதல்ல இதைப் படிச்சிடுங்க."

"முடிஞ்சுபோன விஷயம்."

"நீங்க படிக்கலைன்னா நான் படிக்கறேன் சார்."

"ஏம்மா, நீயும் விதண்டாவாதம் பண்ண ஆரம்பிச்சிட்டியா?"

என் வார்த்தை. ஊரெல்லாம் சுற்றிவிட்டு என் அக்கா தலையிலேயே வந்து விழுந்தது. அவள் எந்தக் குரலில் பதில் சொன்னாள், எதைத் தட்டினாள் என்றெல்லாம் எழுதமாட்டேன். சொன்னதை எழுதுகிறேன்.

"'ரெண்டாம் லிஃப்ட் மாடியில வந்து நிக்கும்போது தரையை விட ரெண்டு விரல் கீழ நிக்குது. போன மாசம் ஒரு விரல். நாலு மாசத்துக்கு முன்னாடி சரியா நின்னுது. பிரேக் தேஞ்சுக்கிட்டே வருது. இன்னும் தேஞ்சா, கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் நகரும். ஆபரேஷன் முடிஞ்சு வர்ற ஸ்ட்ரெச்சர் அப்ப பாதி உள்ள, பாதி வெளிய இருக்கும். பிரேக்கை மாத்தற வரைக்கும் ஓட்டாதீங்க. ஒரு நாள் வேலைதான்.' இதுதான் சார் அவர் சொன்னது. மூணு கூட்டத்துல மெதுவா, நாலாவதுல கத்தி."

எழுதிவிட்டேன். மேலே இரண்டு இடத்தில் அடைப்புக்குறியை வெறுமனே விட்டிருக்கிறேன். அவற்றை நான் நிரப்பப்போவதில்லை, என் லட்சணம் தெரிய அப்படியே கிடக்கட்டும்.

போனில் நாற்காலி கிறீச்சிட்டது. அதிகாரி நிதானமாகக் கேட்டார்:

"கூட்டத்துல அவன் இதைச் சொன்னான்ங்கறதுக்கு யார் சாட்சி? எட்டுப் பேர் இருந்தோம். எனக்கு ஞாபகமில்லை. வேற யார் கேட்டா? நீ கேட்டியா?"

அக்காவுக்குப் பொய் வராது. 'கேட்டேன்' என்றால் பாதிப் பொய். 'கேட்கலை' என்றால் கடிதம் போகும், மெக்கானிக் போவார், லிஃப்ட் ஓடும். அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது. அவள் என்ன சொன்னாள் என்று நான் எழுதப்போவதில்லை. அவளுக்கு வார்த்தை எடுத்துக் கொடுத்துப் பட்டது போதும்.

அந்த அறையில் கேட்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் இங்கே ஒருவர் இருக்கிறார். நான் எழுதும்போது நீங்கள் பக்கத்திலேயே இருந்தீர்கள். தெரியாது, போனில் இருந்தேன் என்று இனி நீங்கள் சொல்லமுடியாது. மணி நாலு பத்து. இரண்டாம் லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது.

பொருள் எண் 7. மேற்கண்டதைக் கேட்டவர்: ____________