சனிக்கிழமைப் பெயர்கள்

பல்கலைக்கழகத்தில் நேரே மூன்றாம் வருடம். கல்முனையில், புடைவைக் கடைக்கு மேல்மாடியில் படித்த இரண்டு வருடத்தையும் படிப்பென்று ஏற்றுக்கொண்டார்கள். முதலிலிருந்து தொடங்கச் சொல்லவில்லை.

இதை ஹுஸ்னியா வாய்விட்டுச் சொல்லவில்லை. அச்செடுத்த அனுமதிக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு குசினியில், அடுப்படியோரம் இருந்தாள். உயர்தரப் பரீட்சையில் புள்ளி போதாமல் உளவியல் டிப்ளோமாவுக்குச் சேர்ந்தபோது, 'பைத்தியத்துக்குப் படிக்கிறாவாம்' என்று ஒழுங்கைச் சனமே சிரித்தது. இப்போது கண்டியில் பல்கலைக்கழகம். வாப்பா ஒரேயொரு நிபந்தனை போட்டிருந்தார்: கண்டியிலிருக்கும் ஸம்ஸியா சாச்சி வீட்டில் தங்குவதென்றால் போகலாம்.

அந்தச் சாச்சிதான் இப்போது எதிரே இருந்தாள். மகன் முர்ஷிதுக்குப் பெண் பார்க்க ஊருக்கு வந்திருந்தாள்.

"மாவடிப்பள்ளி ஸஹ்றா. டீச்சர் புள்ள. சீதன வீடும் கட்டி முடிச்சிட்டாங்களாம்" என்றாள் சாச்சி, குரலைத் தாழ்த்தி. "ஒண்டுதான் கேக்கன். அது உங்கட இடத்துக்கு வந்ததா?"

டிப்ளோமாவின் செயன்முறைப் பயிற்சிக்காக ஆறு மாதம், சனிக்கிழமைதோறும், ஓர் உளவளத்துணை நிலையத்தில் ஹுஸ்னியா இருந்திருக்கிறாள். ஸஹ்றா அங்கே வந்திருந்தாள். நான்கு சனிக்கிழமைகள். முதல் நாள் கதிரையின் நுனியில் இருந்து, கையிலிருந்த டிஷ்யூவை மடித்து மடித்து ஒரு மாத்திரை அளவாக்கினாள். நான்காம் நாள் சிரித்துக்கொண்டு படியிறங்கினாள்.

'இல்லை' என்றால் முடிந்தது.

ஆனால் ஹுஸ்னியா ஏற்கெனவே ஓர் 'இல்லை' சொல்லியிருந்தாள். போன மாதம் றாபியா என்ற பெண்ணைப் பற்றிச் சாச்சி தொலைபேசியில் கேட்டபோது, "சே, அவ எங்கட பக்கமே வந்ததில்ல" என்று உடனே சொல்லிவிட்டாள். அது உண்மை. உண்மைதானே, என்ன குற்றம் என்று நினைத்தாள். அந்தப் பதிலில் ஒரு ருசி இருந்தது. ஊர் விசாரிக்கும் ஆளாகிவிட்ட ருசி. இப்போது அந்த ருசி நாக்கில் கசந்தது. அன்றைக்கு 'இல்லை' என்றவள் இன்றைக்குப் பேசாமலிருந்தால், அதற்கு 'ஓம்' என்றுதான் அர்த்தம். இன்றைக்குப் பொய் சொன்னால் ஸஹ்றா தப்பிவிடுவாள். அடுத்த மாதம் வேறொரு மாப்பிள்ளையின் உம்மா வேறொரு பெயரோடு வருவாள். வந்தவர் பெயரைக் கேட்டறியலாமென்று ஊருக்குத் தெரிந்த பிறகு எந்தப் பெண் அந்தப் படியேறுவாள்?

"றாபியாவக் கேட்டப்ப டக்கெண்டு சொன்ன. இப்ப என்ன, வாய்க்குள்ள கொழுக்கட்டையா?"

"அண்டைக்குச் சொன்னதுதான் பிழை சாச்சி" என்றாள் ஹுஸ்னியா. தன் குரல் நடுங்காதது அவளுக்கே புதிதாக இருந்தது. "வந்த புள்ளையையும் சொல்லப்படா, வராத புள்ளையையும் சொல்லப்படா. றாபியாவைப் பத்திச் சொன்னதுக்கு உங்களிட்ட மன்னிப்புக் கேக்கன். இனி ஆரைக் கேட்டாலும் பதிலில்ல. நாளைக்கு உங்களைப் பத்தி ஆரும் கேட்டாலும் இதுதான்."

"என்னப் பத்தியா? எனக்கென்ன பைத்தியமா?" சாச்சியின் குரல் கூடத்துக்கே கேட்டது. "படிச்சுப் பெரிய ஆளாகிட்டா! மேல் அறையத் துப்புரவாக்கி வெச்சிருக்கன். சொந்தச் சாச்சிக்கு இந்த ஒரு உதவி செய்யேலாதவவுக்கு அந்த அறை எதுக்கு?"

ஹுஸ்னியா மடியிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள். கண்டி ஒரு கணம் எட்டாத தூரத்துக்குப் போனது. போகட்டும். ஆனால் அவளுக்குள் எதுவும் சரியவில்லை. இரண்டு வருடமாகப் பரீட்சைக்காக எழுதிய ஒரு சொல், இரகசியம் பேணல், இன்றைக்குத்தான் அவளுடைய சொந்தச் சொல்லாகியிருந்தது. மூன்றாம் வருடத்துக்கு அவளை எடுத்தது சரிதான்.

கூடத்திலிருந்து வாப்பா மீராமுகைதீனின் செருமல் கேட்டது.

"மகள், அந்தக் கடிதத்தில பொம்புளப் புள்ளையளுக்கு விடுதி எண்டும் ஏதோ போட்டிருந்தாங்க. அதையும் ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க."

ஹுஸ்னியாவின் கண்கள் நிறைந்தன. "ஓம் வாப்பா" என்றாள்.

சாச்சி அவள் பக்கம் நெருங்கினாள். கோபம் இறங்கி, குரலில் கெஞ்சல் வந்திருந்தது.

"சரி புள்ள, வாயால சொல்லவேணாம். தலைய மட்டும் ஆட்டு. ஓமா, இல்லையா?"

ஹுஸ்னியா அவளை நேராகப் பார்த்தாள். தலை அசையவில்லை.

"தேத்தண்ணி ஆறுது சாச்சி, குடிங்க" என்றாள்.