ஸ்கேனுக்கு எட்டாத மூலை

ஸ்கேன் எடுப்பது அவள் வேலை. அக்காவின் கணவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளிடம்தான் வருவார். லிஃப்ட் மெக்கானிக், பேச்சில் யாரையும் விட்டுவைக்க மாட்டார். தாயிடமிருந்து பிறக்கும்போதே தொற்றிய மஞ்சள் காமாலைக் கிருமி அவர் கல்லீரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாக்கியிருந்தது. அப்படிப்பட்ட கல்லீரலில் புற்றுநோய் சத்தமில்லாமல் முளைக்கக்கூடும். அதற்காகத்தான் இந்தப் பரிசோதனை.

"மூச்சை இழுத்துப் பிடிங்க மாமா."

"பிடிப்பேன். நீ விடச் சொல்ல மறந்துடுவ."

சிரித்துக்கொண்டே அவசரமில்லாமல் பார்த்தாள். கட்டி எதுவும் தென்படவில்லை. வெளியே காத்திருந்த அக்காவிடம், "சுத்தமா இருக்கு, போய் நிம்மதியா தூங்கு" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் கல்லீரல் மருத்துவர் அவளைக் கூப்பிட்டார். கல்லீரலில் புற்று வந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய புரதம் ஒன்று உண்டு. மாமாவுக்கு அது எல்லைக்குள்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஏறியிருந்தது.

"நான் நல்லா பார்த்தேன் டாக்டர்."

"பார்த்திருப்பீங்க. குறை சொல்லலம்மா. ரத்தம் எந்த இடம்னு சொல்லாது. ஸ்கேன் எல்லா இடத்தையும் காட்டாது. ரெண்டையும் சேர்த்து வச்சுத்தான் யோசிக்கணும். எம்.ஆர்.ஐ. எடுத்துடுவோம்."

அவளுக்குச் சுருக்கென்றது. தன் அறைக்குப் போய்ப் பழைய படங்களைத் திறந்தாள். கல்லீரலின் உச்சியில், நுரையீரலை ஒட்டிய இடத்தில், காற்றின் நிழல் விழுந்து ஒரு துண்டு மங்கலாகக் கிடந்தது. மாமாவைப் போன்ற கனத்த உடம்புக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான் தெரியும். அதனாலேயே அது உறுத்தாமல் போயிருந்தது.

மாலையில் அக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"நீதானே சுத்தமா இருக்குன்ன?" என்றாள் அக்கா. குரலில் கோபமில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

"என் கண்ணுக்கு எட்டின வரைக்கும் சுத்தம்க்கா. எட்டாத இடம் ஒண்ணு இருக்கு. அதை நான் உன்கிட்ட சொல்லல."

மாமாதான் வாயைத் திறந்தார். "நான் ரிப்பேர் பண்ற லிஃப்ட் எல்லாம் ஏறாம நின்னு மானத்தை வாங்குது. வேண்டாத ஒண்ணு மட்டும் ஜோரா ஏறுதாம்." சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை. "எடுத்துடலாம். நீ கூட வா."

எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த மங்கலான இடத்திலேயே, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கட்டி இருந்தது. பரவவில்லை. அறுவை செய்து அந்தப் பகுதியை மட்டும் எடுத்தார்கள். வளரவிட்டிருந்தால் கத்தி வைக்கவே முடியாமல் போயிருக்கலாம் என்றார் மருத்துவர். இனியும் தவறாமல் வரவேண்டும், தழும்பு அப்படியேதான் இருக்கிறது என்றும் சொன்னார்.

வார்டில் தையல் வலியோடு சாய்ந்திருந்த மாமா அவளிடம் மெதுவாகக் கேட்டார். "அம்மாகிட்டேருந்து வந்ததுன்னா, தம்பிக்கும் இருக்குமா?"

"இருக்கலாம் மாமா. அவர் டெஸ்ட் பண்ணலையா?"

"எனக்கு இருக்கறதே அவனுக்குத் தெரியாது. குடிச்சு வந்ததுன்னு நினைச்சுக்குவானோன்னு மறைச்சுட்டேன்."

அவள் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள். அவர் போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"டேய், நான்தான். எங்க இருக்க? கொஞ்சம் உட்காரு. ஒரு விஷயம் சொல்லணும்."