உரிமையாளரின் சம்மதம்

எங்கள் வீட்டு கேட்டை நோக்கி இறங்கும் சரிவில், வழக்கம்போல ஆக்ஸிலரேட்டரில் இருந்த காலைத் தளர்த்தினேன். வண்டி நிற்கவில்லை. நேற்றுவரை தளர்த்தினால் போதும், வேகம் குறைந்து தானாகவே நிற்கும், சரிவானாலும் அசையாது. இன்று அது பாட்டுக்கு உருண்டுகொண்டே போனது. கேட்டுக்குப் பக்கத்தில் மாடி வீட்டு டீச்சர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டிருந்தார். மின்சார வண்டி, சத்தமும் கிடையாது. வலது காலை பிரேக்குக்கு மாற்றப் பார்த்தேன். எழவில்லை. தொடையைக் கையால் பிடித்துத் தூக்கி வைத்தால்தான் அது அந்தப் பக்கம் போகும், அதற்கெல்லாம் நேரமில்லை. வண்டியை நிறுத்திவைக்கும்போது போடுகிற பிரேக்கின் பட்டனை விரலால் இழுத்துப் பிடித்தேன். வண்டி குலுங்கி நின்றது. தொட்டி கவிழ்ந்தது. டீச்சர் திரும்பியபோது அவருடைய முழங்காலுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு கை நுழையத்தான் இடமிருந்தது.

“என்னம்மா, காலங்காத்தால என்னையும் குப்பையோட சேத்து அனுப்பப் பாத்தியே!” என்று சிரித்தார். சிரித்து முடித்ததும் தொட்டியை அப்படியே விட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

நான் வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்குப் புண் கட்டுகிற நர்ஸ். ஆட்களைப் புரட்டிப் புரட்டியே என் முதுகெலும்பில் வட்டு நழுவி, வலது காலுக்குப் போகும் நரம்பை அழுத்திவிட்டது. பாதத்தைக் கீழே அழுத்த முடியும், மேலே தூக்க வராது. தொடையும் இப்போது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இது எப்படி வளரும், எந்தக் கட்டத்துக்குமேல் வண்டி ஓட்டக் கூடாது என்பதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். வேறொருத்திக்கென்றால் முகத்துக்கு நேராகச் சொல்லிச் சாவியைப் பிடுங்கியிருப்பேன். ஊருக்குத்தான் உபதேசம். வீட்டில், “அப்படியேதான் இருக்கு, மோசமாகல” என்று சொல்லி வைத்திருந்தேன். லேசாகத் தாங்கித் தாங்கி நடப்பது மட்டும்தான் வெளியே தெரியும். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் இருந்தது.

பழைய பெட்ரோல் வண்டியாக இருந்திருந்தால் என்றைக்கோ மாட்டியிருப்பேன். இந்த வண்டிக்கு ஒரே பெடல் போதும். அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். அப்படி நிற்கும்போது கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்கே திரும்பிப் போகிறது என்று விற்றவர்கள் பெருமையடித்துக்கொண்டார்கள். மின்சாரத்தை வைத்து நான் என்ன செய்ய? எனக்கு அது இன்னொரு கால்.

அப்டேட் போடட்டுமா, போடட்டுமா என்று திரை வாரக்கணக்கில் நச்சரித்துக்கொண்டிருந்தது. பொடி எழுத்தில் எழுதியிருந்ததை நான் ஒருத்தியாவது முழுக்கப் படித்திருப்பேன். ஓட்டுபவர்களுக்கு பிரேக் பிடிக்கிற பழக்கமே விட்டுப்போகிறதாம். அதனால் பாதுகாப்பு கருதி, இனிமேல் காலை எடுத்தால் வண்டி முழுசாக நிற்காதாம், மெல்ல உருளுமாம். சொன்னதில் தப்பில்லை. என்னை மாதிரி ஆட்களை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார்கள். நான் தினமும் ‘பிறகு’ என்பதையே தொட்டுவந்தேன். இன்று வண்டியை எடுக்கும்போதும் திரையில் ஏதோ வந்தது. பழைய நச்சரிப்புதான் என்று படிக்காமலே ஒதுக்கிவிட்டேன்.

இப்போது தேடி எடுத்துப் படித்தேன். ‘புதிய பதிப்பு நிறுவப்பட்டது. உரிமையாளர் சம்மதம் அளித்துள்ளார்.’

உரிமையாளர் என் கணவர். வண்டியைப் பதிவு செய்த அன்று நான் ஒரு நோயாளி வீட்டில் மாட்டிக்கொண்டேன், அவர் தன்னுடைய போன் நம்பரைக் கொடுத்துவிட்டார். ஓட்டுவது நான், கழுவுவது நான், சார்ஜ் போடுவது நான். சம்மதம் மட்டும் அவருடையது.

கம்பெனிக்கு போன் செய்தேன். எடுத்த பெண்ணுக்கு நல்ல குரல்.

“பழைய பதிப்புக்குத் திரும்பப் போக முடியாது மேடம்.”

“நான்தான் தினமும் வேண்டாம்னு சொல்லிக்கிட்டிருந்தேனே?”

“நீங்கதான் உரிமையாளரா மேடம்?”

“அவரோட மனைவி.”

“அப்ப நான் சார்கிட்டதான் பேச முடியும்.”

“சார் கேட்டா பழசு கிடைக்குமா?”

“கிடைக்காது மேடம்” என்றாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டாள். கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவள் என்ன செய்வாள் பாவம்.

அடுத்து, இன்றைக்கு நான் புண் கட்டப் போக வேண்டிய தையல்காரர் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். அவருக்கு முதுகில் படுக்கைப்புண், இப்போதுதான் ஓரங்களில் சிவந்து ஆறத் தொடங்கியிருக்கிறது. மருமகள் எடுத்தாள். “ஐயோ, இன்னிக்கு வரலையா? மாமா காலையிலேயே நல்ல சட்டையா எடுத்து மாட்டிவிடச் சொல்லிட்டுக் காத்திருக்காரே” என்றாள். பின்னாலிருந்து அவர் ஏதோ கேட்டார். “வண்டி சரியில்லையாம் மாமா” என்று அவள் உரக்கச் சொன்னது எனக்கும் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாளைக்கு என்ன சொல்லுவேன், நாளை மறுநாள் என்ன சொல்லுவேன்? அந்த வீட்டுத் தெருவுக்கு பஸ் கிடையாது. இருந்தாலும் அதன் படியில் நான் ஏற முடியாது. வண்டி போனால் என் வேலை போனது. வேலை போனால், நானும் ஒரு கட்டிலும்தான் மிச்சம்.

நான் போன் செய்ததும் கணவர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். கையில் கிரீஸ் அப்படியே இருந்தது. வண்டி கேட்டை மறித்துக்கொண்டு சரிவிலேயே நின்றது. நான் அதற்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். சண்டை போடத் தயாராகத்தான் நின்றிருந்தேன்.

“என்னைக் கேக்காம எதுக்கு அழுத்தினீங்க?”

“போன்ல அந்தச் சிவப்புப் புள்ளி நின்னுக்கிட்டே இருந்துச்சு. பாதுகாப்பு அப்டேட்னு போட்டிருந்தான். அதைப் போய் எப்படி விட்டுவைக்கிறது?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் தொழிலில் ‘பிறகு’ என்று ஒரு வார்த்தை கிடையாது. லிஃப்ட் கயிற்றில் ஓர் இழை விட்டிருக்கிறது என்று தெரிந்தும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போன ஒருவரை அவருக்குத் தெரியும். கூட வேலை கற்றவர். அந்த லிஃப்ட் விழுந்த பிறகு அந்த மனிதர் எந்த லிஃப்டிலும் ஏறியதில்லை, எத்தனை மாடியானாலும் படிதான். அதனாலேயே எங்கள் வீட்டில் சொட்டுகிற குழாய் அன்றைக்கே நின்றுவிடும், ஆடுகிற நாற்காலி அன்றைக்கே நேராகிவிடும். எதையும் ஒத்திப்போடத் தெரியாத ஆளுக்கு வாழ்க்கைப்பட்டு, என் காலை மட்டும் நான் ஒத்திப்போட்டுக்கொண்டே வந்திருந்தேன்.

அவர் குனிந்து டயரைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், இன்னும் ஓரமாய்க் கவிழ்ந்து கிடந்த தொட்டியைப் பார்த்தார்.

“சரி, வண்டி தானா நிக்கல. நீ ஏன் பிரேக் பிடிக்கல?”

“செருப்பு மாட்டிக்கிச்சு.”

அவர் என் காலைப் பார்த்தார். நான் போட்டிருந்தது கயிறு கட்டிய ஷூ.

எனக்குக் கோபம்தான் வந்தது. பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்ல வரவில்லையே என்று என் மேலேயே கோபம். “கால் எழும்பல, போதுமா? எழும்பறதே இல்ல. இந்த வண்டி தானா நின்னுச்சு, நான் ஓட்டினேன். சொன்னா நீங்க ஓட்ட விட்டிருப்பீங்களா?”

“எப்பலேருந்து?”

“வண்டி வாங்கறதுக்கு முன்னாடியே.”

‘பாத்தியா, அப்ப நான் அழுத்தினது நல்லதாப் போச்சு’ என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். திருப்பிக் கொடுக்க வாய் நிறைய வைத்திருந்தேன். அவரோ, “கலர் பிடிச்சிருக்குன்னுதானே இந்த வண்டியை வாங்கச் சொன்னே” என்றார். குரல் உள்ளே போயிருந்தது.

மாடி ஜன்னலில் டீச்சர் தலை தெரிந்தது, பிறகு மறைந்தது. கணவர் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தார். “உக்காரு” என்றார். உட்கார்ந்து, கையால் தொடையைத் தூக்கிக் காலை உள்ளே வைத்தேன். முதல்முறையாக அவருக்கு எதிரிலேயே வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த கிரீஸைச் சட்டையிலேயே துடைத்துவிட்டுக் கதவோரம் குந்தினார். கையை உள்ளே நீட்டி என் ஷூவுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்தார்.

“தூக்கு.”

லிஃப்டுக்குள் இருக்கும் ஆளிடம் பேசுகிற குரல் அது, அவசரமில்லாத குரல். நான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். இடுப்பு இறுகியது, கழுத்து இறுகியது. கண்ணாடிக்கு வெளியே கேட் திறந்தே கிடந்தது.

“தூக்கிட்டேனா?” என்று கேட்டேன்.

ஷூவின் மொத்தக் கனமும் அவர் கையில்தான் இருந்தது. கையை எடுத்தால் என் கால் எங்கே போய் விழுமோ என்பவர்போல, தாங்கிப் பிடித்தபடி அப்படியே குந்தியிருந்தார்.