செவலைக்குப் போட்ட பழம்

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை காலை, சுருளிப்பட்டிக்கு மேற்கே ஒரு திராட்சைத் தோட்டத்தில் செவலை என்ற நாய் மூன்றாவது முறையாக வாந்தி எடுத்தது.

முதல் இரண்டு முறையும் தோட்டக்காரர் சுருளியாண்டி மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிட்டார். மூன்றாவது முறை நாய் எழுந்திருக்கவில்லை. பந்தல் நிழலில் கால்களை நீட்டிக் கிடந்தது. அவர் மனைவி முருகம்மாள் தண்ணீர்ச் சட்டியை அதன் முகத்தருகே நகர்த்தினார். அது தலையைத் திருப்பிக்கொண்டது.

"கட்டையனும் இப்படித்தான் ஆரம்பிச்சான்," என்றார் சுருளியாண்டி.

கட்டையன் அதற்கு முன் வளர்த்த நாய். இரண்டு வருடத்துக்கு முன் வாந்தி எடுத்து, சோறு தண்ணீர் இறங்காமல், சில நாளில் செத்தது. அதற்குச் சற்று முன்புதான் அடுத்த தோட்டத்துப் பொன்னுராஜின் கோழி ஒன்றைப் பிடித்துத் தின்றிருந்தது. பொன்னுராஜ் சோற்றில் மருந்து வைத்துவிட்டார் என்று சுருளியாண்டி முடிவு செய்தார். வைத்ததை யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் ஊரில் நாலு பேரிடம் சொன்னார். பொன்னுராஜ் பதிலுக்குத் தன் நிலத்தின் வழியே போன வண்டிப்பாதையில் முள்ளை வெட்டிப் போட்டார். அன்றிலிருந்து சுருளியாண்டியின் பழம் ஊரைச் சுற்றித்தான் ரோட்டுக்குப் போகிறது.

இப்போது அவர் வேலியோரம் போய் நின்று சத்தம் கொடுத்தார்.

"ஏலே பொன்னுராசு, இந்த நாயி ஒன்னைய என்னலே செஞ்சுச்சு?"

மருந்தடிக்கும் டேங்கைக் கழுவிக்கொண்டிருந்த பொன்னுராஜ் நிமிரவில்லை. "எங் கொடிக்கு மருந்தடிக்கவே ஆள் கெடைக்கல. இதுல ஒன் நாய்க்கு வேற வந்து வைக்கணுமா? போவியா."

"வம்பு பெறகு பேசலாம். வண்டிய எடுங்க," என்றார் முருகம்மாள். பழம் அடுக்கும் பிளாஸ்டிக் டிரே ஒன்றில் சாக்கை விரித்து நாயைத் தூக்கி வைத்தார். சுருளியாண்டி டிவிஎஸ்ஸை ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து டிரேயை மடியில் பிடித்துக்கொண்டார். மகள் ஓவியா கல்யாணமாகித் திருப்பூர் போன பிறகு பகல் முழுவதும் அவருக்குப் பேச்சுத்துணை அந்த நாய்தான்.

கம்பம் டவுனில் கால்நடை மருத்துவர் பெனாசிரின் கிளினிக்கில் கூட்டம் இல்லை.

"பூச்சிமருந்து வச்சுட்டாக டாக்டரம்மா," என்றார் சுருளியாண்டி. "அதுக்கு உண்டான ஊசியப் போடுங்க."

பெனாசிர் நாயின் கண்ணில் டார்ச் அடித்தார். வாயைத் திறந்து பார்த்தார். அடிவயிற்றை அழுத்தியபோது செவலை முனகியது.

"பூச்சிமருந்து மாதிரித் தெரியலண்ணே. வாயில நொர இல்ல, ஒடம்பு வெட்டி இழுக்கல, கண்மணியும் சரியா இருக்கு. நேத்து என்ன தின்னுச்சு?"

"சோறுதான். வேறென்ன."

"சோறு திங்கல," என்றார் முருகம்மாள். "பழந்தான் தின்னுச்சு."

"என்ன பழம்மா?"

முருகம்மாள் சொன்னார். செவ்வாய்க்கிழமை பெய்த மழையில் குலைகளில் நிறையப் பழம் வெடித்துவிட்டது. வெடித்த பழம் ஒன்று இருந்தாலும் வியாபாரி குலையை எடுக்க மாட்டார். அதனால் புதன்கிழமை முழுக்க உட்கார்ந்து கத்தரிக்கோலால் வெடித்ததை நறுக்கி எறியும் வேலை. செவலை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. நறுக்கியதை அதற்குப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றுக்கும் அது வாயைத் திறந்து காட்டும்.

"எவ்வளவு இருக்கும்?"

"ஒரு சட்டிக்கு மேல இருக்கும்."

பெனாசிர் உடனே டிரிப் பாட்டிலை எடுத்து மாட்டினார். "திராட்சை நாய்க்கு ஆகாதும்மா. கிட்னியப் பிடிச்சுரும்."

சுருளியாண்டி சிரித்துவிட்டார். "திராட்சை வெசம்னா இந்தப் பக்கம் ஒருத்தரும் உசுரோட இருக்க மாட்டோம்மா. ஊர் நாயெல்லாம் அதத்தான் பெறக்கித் திங்குது."

"மனுசருக்கு ஒண்ணும் இல்லண்ணே, நாய்க்குத்தான். அதுலயும் ஒரு நாய் தின்னுட்டு நல்லா இருக்கும், ஒண்ணு படுத்துரும். எது படுக்கும்னு முன்னாடியே சொல்ல முடியாது." முன்காலில் ஊசி ஏற்றினார். "தின்ன கையோட வந்திருந்தா வாந்தி எடுக்க வச்சிருக்கலாம். இப்ப டிரிப்தான். ஒழுங்கா மூத்திரம் பெஞ்சா பொழைக்கும். பெய்யலன்னா கஷ்டம்."

முருகம்மாள் நாயின் தலையில் வைத்த கையை எடுக்கவில்லை. "கட்டையனுக்குக் கடைசியில மூத்திரமே போகல டாக்டரம்மா. வாயெல்லாம் நாத்தம். சாக நாலஞ்சு நாளாச்சு. வெசம் வச்சா அப்படி ஆகுமா?"

"பாக்காத நாயப் பத்தி நான் சொல்லக் கூடாதும்மா. பூச்சிமருந்துன்னா பெரும்பாலும் அவ்வளவு நாள் இழுக்காது."

"அதுக்கும் நாந்தான் பழம் போட்டேன்," என்றார் முருகம்மாள்.

சுருளியாண்டி வெளியே போய் வண்டியருகே நின்றுகொண்டார்.

அன்றும் மறுநாளும் டிரிப் ஏறியது. ரத்தப் பரிசோதனையில், கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவின் அளவு கூடியிருந்தது. முருகம்மாள் கிளினிக் பெஞ்சிலேயே இருந்தார். சுருளியாண்டி வீட்டிலிருந்து அவருக்குச் சோறு கொண்டுவந்தார். வந்ததும் ஒரே கேள்விதான்: "பெஞ்சானா?" வெள்ளிக்கிழமை மாலை வரைக்கும் ஏதோ சொட்டுச் சொட்டாகத்தான் போனது.

சனிக்கிழமை காலை செவலையை வாசலுக்கு நடத்திக்கொண்டு வந்தார்கள். அது தள்ளாடி நடந்து, டிவிஎஸ்ஸின் பின்சக்கரத்தை மோந்து பார்த்துக் காலைத் தூக்கியது. நெடுநேரம் பெய்தது. சுருளியாண்டி வண்டியை நகர்த்தவில்லை.

அன்று மாலை துணி மாற்றத் தோட்டத்து வீட்டுக்கு வந்த முருகம்மாள் நேரே பொன்னுராஜின் வீட்டுக்குப் போனார். டாக்டர் சொன்னதைச் சொன்னார்.

"கட்டையனுக்கும் நீங்க ஒண்ணும் வைக்கலண்ணே. நாங்கதான் கொன்னோம்."

"கோழியத் தின்னது ஒங்க நாயி. பழத்தப் போட்டது நீங்க. ஊர் பூரா நாய்க்கு வெசம் வச்சவன்னு பேரு வாங்குனது நானு," என்றார் பொன்னுராஜ். "இத ஒம் புருசன் வந்து சொல்லணும் முருகம்மா."

"சொல்லுவாக."

"வரட்டும்."

பொன்னுராஜின் நாய் திராட்சைப் பந்தலுக்கடியில் எதையோ மோந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கூப்பிட்டுச் சங்கிலியில் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சுருளியாண்டி வெடித்த பழம் கொட்டும் தொட்டிக்குத் தகர மூடி செய்து போட்டார். பொன்னுராஜைப் பார்க்கப் போகவில்லை. திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனையில் அளவு குறைந்திருந்தது. செவலையை வீட்டுக்கு அழைத்துப்போகலாம் என்று பெனாசிர் சொன்னார். பாதையில் முள் அப்படியே கிடந்ததால், டிரேயில் வைத்து ஊரைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.