விமலேஷின் சவாசனம்

கொஞ்ச நாளைக்காவது ரொட்டி தட்ட வேண்டாம் என்பதற்காகத்தான் குசும் ரிஷிகேசத்துக்கே கிளம்பினாள். யோகம் கற்கிற ஆசையெல்லாம் ஓரகத்தி விமலேஷுக்கு. முஸாஃபர்நகரில் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, ஒரே அடுப்பில் முப்பது வருஷம் வெந்தவர்கள் இருவரும். மூத்தவள் என்பதால் விமலேஷ் அவளுக்கு அக்கா, அவர்கள் பேச்சில் ஜீஜி. ஜீஜி சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் அப்பீலே கிடையாது.

பஸ் ஏற்றிவிடும்போது விமலேஷின் மகன் குசுமைத் தனியாக இழுத்துச் சொன்னான். "சித்தி, அம்மா உங்க பொறுப்பு. காலையில இன்சுலின் ஊசி போட்டா உடனே சாப்பிட வெச்சிடணும். இல்லேன்னா சர்க்கரை எறங்கி மயக்கமாயிடுவாங்க. போன தடவை கொஞ்சம் லேட்டாகியிருந்தா ஆளே இல்லேன்னு டாக்டர் சொன்னார்."

கங்கைக் கரை ஆசிரமத்தில் மாதாஜிதான் ஆசிரியை. முதல் நாள் எல்லாரையும் சும்மா நிற்கச் சொன்னாள். அதற்குப் பெயர் தாடாசனமாம்.

"நிக்கிறதுக்குக்கூடவா பாடம்?" என்று குசும் முணுமுணுத்தாள்.

மாதாஜிக்கு அது காதில் விழுந்துவிட்டது. "நீ எப்பம்மா நின்னிருக்க? அடுப்பு மேடையில சாஞ்சிருக்க, அவ்வளவுதான். ரெண்டு காலையும் தரையில வை, பாப்போம்."

கூடம் சிரித்தது. குசுமும் சிரித்தாள். ஆனால் வைத்துப் பார்த்தபோது இடுப்பு வலி கொஞ்சம் விட்டது. அட, விஷயம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தில் பொத்தென்று விழுந்தாள். விமலேஷோ நட்டு வைத்தது மாதிரி நின்றாள்.

ஆசனம் முடிந்ததும் தத்துவப் பாடம். "வலி வந்தா விரட்டாதே. வந்திருக்குன்னு பாரு. பயம் வந்தாலும் அதையேதான் செய்யணும். உடம்புக்கு நடக்கிறது உனக்கு நடக்கல. நீ சாட்சி." இப்படி மாதாஜி சொல்லும்போது குசுமுக்கு நெஞ்சில் பாரம் இறங்கின மாதிரி இருக்கும். கடைசியில் சவாசனம். அதற்கு ஒரு சட்டம் உண்டு. பிணம்போல் படுத்து உள்ளே போய்விட்டவரை யாரும் தொடக்கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. முன்பு ஒரு பெரியவர் பொழுதுசாயும் வரை எழாமல் கிடந்தாராம், சமாதி நிலையாம். அதற்குப் பிறகு யாருக்கும் அது வாய்க்கவில்லை. யாருக்காவது வாய்க்காதா என்று அந்தக் கூடமே காத்துக்கொண்டிருந்தது.

ஏகாதசி வந்தது. ஆசிரமம் முழுக்கப் பட்டினி. குளித்துவிட்டு அறைக்குத் திரும்பிய குசும் பதறிப்போனாள். விமலேஷ் கட்டிலில் உட்கார்ந்து வயிற்றில் ஊசியைப் போட்டு முடித்திருந்தாள்.

"ஐயோ ஜீஜி, சாப்பிடாத நாள்ல எதுக்கு ஊசி?"

"ஊசி என்ன சாப்பாடா? விரதம் கெடாது. ஒரு நாளும் விடக்கூடாதுன்னு டாக்டரே சொல்லியிருக்காரு."

"அப்போ ஒரு வாழைப்பழமாவது..."

"தண்ணிகூடக் கிடையாது. இங்க பாரு, நல்ல காரியம் செய்யறப்ப குறுக்க வராதே. வெளிய ஒரு வார்த்த சொன்னே, ஜென்மத்துக்கும் உன் முகத்துல முழிக்க மாட்டேன்."

குசும் வாயை மூடிக்கொண்டாள். பாழாய்ப்போன பழக்கம், வேறென்ன!

கூடத்தில் விருட்சாசனம் செய்யும்போது விமலேஷின் கால் வெடவெடத்தது. நட்டு வைத்தவள் ஆடினாள். திடீரென்று காரணமில்லாமல் சிரித்தாள். பிறகு எல்லார் நடுவிலும் சத்தமாகக் கேட்டாள். "குசும், பாலை எறக்கினியா?"

குசும் காலை ஊன்றிக்கொண்டு அவள் பக்கம் நகர்ந்தாள். மாதாஜி புன்னகையோடு, "வீடு வாசல் கழண்டு விழுது. விழட்டும், யாரும் பிடிக்காதீங்க" என்றாள்.

சவாசனத்தில் படுத்தார்கள். மணி அடித்ததும் எல்லாரும் எழுந்தார்கள். விமலேஷ் மட்டும் எழவில்லை.

முகமெல்லாம் வேர்த்து மினுமினுவென்றிருந்தது. "தேஜஸைப் பாருங்க!" என்று பக்கத்துப் பெண் கிசுகிசுத்தாள். அந்தச் சொல் கூடம் முழுக்கப் பரவியது. மாதாஜி எழுந்து வந்து பார்த்தாள். அவள் கண் கலங்கியது. பாவம், அவளும் பொய்க்காரி இல்லை, நம்பிவிட்டாள். அவளே கதவுகளைச் சாத்தினாள், விளக்கேற்றினாள். ஒவ்வொருவராக வந்து விமலேஷின் காலடியில் சாமந்திப் பூ வைத்தார்கள்.

சொல்லிவிடு என்றது குசுமின் மனசு. ஜீஜி முகத்தில் முழிக்க மாட்டாளே என்றது இன்னொரு மனசு. பயம் வந்திருக்கிறது, பார் என்று பாடம் நினைவுக்கு வந்தது. பார்த்தாள். சனியன், அன்றைக்கென்று பார்த்து அந்தப் பாடம் அவளுக்கு அவ்வளவு நன்றாக வந்தது! மூச்சு சீரானது. தனக்கு எதுவும் நடக்கவில்லை என்று நிம்மதியாகக்கூட இருந்தது. அப்படியே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ தெரியாது.

விமலேஷின் தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் எழுந்தது.

"ஓங்காரம்!" என்று யாரோ விம்மினார்கள். கூடமே கைகூப்பியது.

அது ஓங்காரமில்லை. மாமனார் சாகிற அன்று இந்தச் சத்தத்தைக் குசும் கேட்டிருக்கிறாள். துள்ளி எழுந்தாள். கூடத்து மூலையில் கிருஷ்ணர் சிலை முன்னால் நைவேத்தியத்துக்கு வைத்திருந்த தேன் கிண்ணத்தை அள்ளினாள்.

"தொடாதே! பாதி வழியில உடைஞ்சு போவாங்க!" மாதாஜி அலறினாள்.

"தொடுவேன்! சமாதியுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. ஊசி போட்டுட்டுப் பட்டினி கெடக்குறா, சாகப்போறா! யாராவது வண்டியக் கூப்பிடுங்க!"

ஒருவரும் அசையவில்லை. குசும் ஓரகத்தியை ஒருக்களித்துப் புரட்டி, விரலில் தேனைத் தொட்டுத் தொட்டுக் கன்னத்தின் உட்புறம் தடவினாள். "ஜீஜி, முழிங்க ஜீஜி. என்னைத் திட்டுங்க, அடிங்க, முழிச்சா போதும்." அழுதுகொண்டே தடவினாள். கிண்ணம் பாதி காலியான பிறகு இமை அசைந்தது.

விமலேஷ் கண் திறந்தாள். முதலில் பூக்களைப் பார்த்தாள். பிறகு கூப்பிய கைகளை. நரைத்த தலைக்காரர் ஒருவர், பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், குனிந்து அவள் பாதத்தைத் தொட்டார். "அம்மா, உள்ள எப்படி இருந்துச்சு? எங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்க" என்று கெஞ்சினார்.

உப்பு போட்டாயா, துணி காய்ந்ததா என்பதைத் தவிர விமலேஷிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

"அமைதியா இருந்துச்சு" என்றாள்.

கூடம் பெருமூச்சு விட்டது. குசும் அவள் கையைப் பிடித்தாள். "ஜீஜி, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு அப்படியே ஊருக்குப் போயிடலாம். எழுந்திருங்க."

விமலேஷ் வாயைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் தேன். அவள் முகம் கறுத்தது.

"என் விரதத்தக் கெடுத்துட்டியேடி பாவி."

கையை உதறிக்கொண்டு மாதாஜியின் பக்கம் திரும்பினாள்.

"நான் இங்கேயே இருந்துடறேன் மாதாஜி. அடுத்த ஏகாதசிக்கு இவளை மட்டும் உள்ள விடாதீங்க."

மாதாஜி குனிந்து அவளை வணங்கி, சரி என்றாள்.